தென்மேற்கு மூலை

கல்லூரிப் பேருந்தில் இருபது இருக்கை காலியாகக் கிடந்தாலும் அவர் உட்காரமாட்டார். பின்படிக்கட்டுக்கு மேலே, இடப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விழுப்புரத்தில் ஏறும்போது பிடித்த கம்பியை, திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கல்லூரி வாசலில் இறங்கும்போதுதான் விடுவார். அவர் கை படும் இடத்தில் மட்டும் கம்பியில் பெயின்ட் போயிருந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உக்காருங்கண்ணா, எவ்ளோ சீட்டு கெடக்குது."

"இருக்கட்டும் மா. நமக்கு இதான் எடம்."

எங்களுடையது மருந்தியல் கல்லூரி. நான் அங்கே மேற்படிப்பு படித்தேன். ஆராய்ச்சிக்கான வெள்ளெலிகளை வளர்க்கும் கட்டடத்தை அனிமல் ஹவுஸ் என்போம். அவர் அங்கே ஊழியர். கூண்டு கழுவுவது, அடியில் போட்ட உமியை மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர் புட்டிகளை நிரப்புவது எல்லாம் அவர் வேலை. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கருநீலச் சட்டைதான் சீருடை. அதை ஞாயிற்றுக்கிழமையும் போடுவார் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் வரும்.

நின்ற இடத்திலேயே நிற்பது என்பது அவருக்குப் பழக்கம் என்ற அளவைத் தாண்டிவிட்ட விஷயம். கல்லூரி கேன்டீன் முதலில் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு நீல டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டு டீ குடிப்பார். பிறகு கேன்டீனைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். டிரம் பழைய இடத்திலேயே கிடந்தது. மனிதர் புதுக் கட்டடத்தில் டீ வாங்கி, டம்ளரை ஏந்திக்கொண்டு மைதானம் முழுக்க நடந்து வந்து, டிரம்மில் கை ஊன்றி, ஆறிப்போன டீயை நிம்மதியாகக் குடிப்பார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மறுபடி ஒரு நடை. கேன்டீன்காரர் இரண்டு வாரம் முனகிவிட்டு, அவருக்கென்று தனி டம்ளர் ஒன்றை டிரம் மேலேயே வைத்துவிட்டார்.

ஆண்டு விழாப் புகைப்படங்களிலும் இதே கதைதான். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எடுத்த படங்கள் அலுவலகச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. முதல்வர்கள் மாறியிருப்பார்கள். வாத்தியார்களுக்கு வழுக்கை விழுந்திருக்கும். இடது கோடியில் கடைசி ஆளாக அந்தக் கருநீலச் சட்டை மட்டும் எல்லாப் படத்திலும் அங்கேயே நிற்கும்.

ஒரு தடவை உமி மாற்றிக்கொண்டிருந்தபோது, அவராகவே சொன்னார். பிறந்தது அனந்தபுரத்துப் பக்கம். நிலம் கிடையாது. "எங்கம்மா அப்பா சூளைல கல்லு அறுத்தாங்க மா. ஒரு வருசம் இந்தச் சூளை, அடுத்த வருசம் வேற சூளை. ஸ்கூல்ல பேரு எழுதறதுக்குள்ள மூட்டைய கட்டிடுவாங்க. எனக்கு எந்த ஊர்ல எத்தினி மாசம் இருந்தேன்னே தெரியாது." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

என் ஆராய்ச்சி எலிகளின் ஞாபகத்தைப் பற்றியது. ஒரு கீரையின் சாறு கொடுத்தால் ஞாபகம் கூடுமா என்று பார்க்கவேண்டும். ஞாபகம் என்றால் பழைய கதையை நினைவில் வைத்திருக்கும் ஞாபகம் அல்ல. குழம்பு கொதிக்கும்போது, உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று மனதில் ஓரமாக வைத்திருக்கிறோமே, அது. இன்றைய குழம்பு இறங்கியதும் அதற்கு வேலை முடிந்தது. நேற்று உப்பு போட்டது நினைவிருக்கிறதே என்று இன்று போடாமல் இருக்க முடியாது. இந்த வேலைக்கால ஞாபகம் எலிக்கும் உண்டு. அதை அளக்க ஒரு மரச் சாமான் வைத்திருந்தோம்.

நடுவில் ஒரு வட்டப் பலகை. அதிலிருந்து வண்டிச் சக்கரத்து ஆரங்களைப் போல எட்டுத் திசையிலும் எட்டு நீளப் பலகைகள். அவற்றைக் கைகள் என்போம். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்னக் குழி, குழிக்குள் ஒரு துண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. லேசான பசியோடு இருக்கும் எலியை நடுவில் விடவேண்டும். அது ஒவ்வொரு கையாகப் போய்த் தின்று வரும். தின்ற கைக்கே மறுபடி போனால் அது ஒரு தப்பு. எட்டுக் கைக்கும் ஒவ்வொரு தடவை மட்டும் போய்வந்தால் கெட்டிக்கார எலி.

முதலாண்டுப் பிள்ளைகள் பார்க்க வந்தால் அவர் இதை என்னைவிட நன்றாக விளக்குவார். "புத்தியுள்ள எலி மொய் வைக்கப் போற மாரி போவும். ஒரு வூட்டுக்கு ஒரு தபாதான். மறதி எலி போன வூட்டுக்கே போய் வெறும் குழிய மோந்து பாத்துட்டு வரும்."

நான் சுத்தம் பார்க்கிற ஆள். என் பேனாக்கள்கூட உயர வரிசையில் இருக்கும். எலி தன் மூளையை வைத்து வேலை செய்யவேண்டும், சுவரைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பது அப்போது என் எண்ணம். அந்த அறையிலிருந்த காலண்டரைக் கழற்றினேன். கடிகாரத்தைக் கழற்றினேன். ஜன்னலை அடைத்தேன். நான்கு சுவரையும் மறைத்துச் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினேன். வாசனை பிடித்துப் போகக் கூடாது என்று ஒவ்வொரு எலிக்குப் பிறகும் பலகையை ஸ்பிரிட்டால் துடைக்கச் செய்தேன். என்னை எலி பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று, நானே துணிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு ஓட்டை வழியாகப் பார்த்துக் குறித்தேன்.

அவர் வெறுங்காலோடு உள்ளே வருவார். எலியை நடுவில் விடுவார். நான்கடி பின்னால் போய், தென்மேற்கு மூலையில், வெள்ளைத் துணியை ஒட்டிக் கருநீலச் சட்டையோடு நிற்பார். எலி முடித்ததும் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஐந்து மாதம், தினமும், அதே மூலை.

எலிகள் பிரமாதமாகச் செய்தன. சாறு குடித்தவை, குடிக்காதவை எல்லாவற்றுக்கும் தினப்படி எண்கள் அழகாக ஏறிக்கொண்டே வந்தன. வீட்டில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் மகளுக்குக் காது குத்து வந்தது. சொந்த ஊரில், குலதெய்வக் கோயிலில். ஆறு நாள் லீவு போட்டார்.

அந்த ஆறு நாளும் எலிகளை நானே விட்டுவிட்டு ஓடிப்போய்த் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முதல் எலி இரண்டு கைக்குப் போய்வந்தது. பிறகு நடுப்பலகையில் நின்று மூக்கைத் தூக்கி அப்படியும் இப்படியும் பார்த்தது. போன கைக்கே போனது. திரும்பி வந்தது. மறுபடியும் அதற்கே போனது. எல்லா எலியும் அப்படித்தான். ஐந்து மாதம் கெட்டிக்காரத்தனம் காட்டியவை ஒரே நாளில் மக்காகிவிட்டன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

ஏழாம் நாள் அவர் வந்தார். வேண்டுதலுக்கு அவரும் சேர்ந்து மொட்டை போட்டிருந்தார். எங்களுக்கெல்லாம் கோயில் பொங்கல் கொண்டு வந்திருந்தார். எலிகளை விட்டார், மூலைக்குப் போய் நின்றார். எலிகள் எட்டுக் கைக்கும் சமர்த்தாகப் போய்வந்தன.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம் வந்தது. அவர் இருந்தால் புத்திசாலி, இல்லாவிட்டால் முட்டாள் என்றால் என்ன அர்த்தம்? அவர் ஏதோ செய்கிறார். எனக்குத் தெரியாமல் தீனி கொடுத்துப் பழக்குகிறாரா? கையசைத்து வழி காட்டுகிறாரா? அவர் கொண்டுவந்த பொங்கலைத் தின்றுவிட்டு அன்று மத்தியானமே உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். அனிமல் ஹவுஸ் ஊழியர் என் எலிகளின் நடத்தையில் தலையிடுகிறார், அவரை அங்கிருந்து நீக்கவேண்டும் என்று. நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

என் வழிகாட்டி மேடம் படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பிரின்சிபால்கிட்ட போச்சுன்னா அவரு அடுத்த நாள் வேலைக்கு வர முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அவரு செய்யறத நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப பாத்துட்டு வா. வெள்ளிக்கிழமை வரைக்கும் இது என் டிராயர்ல இருக்கும்."

மூன்று நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலும் சாயங்காலமும் எலிகளை எடை போட்டேன். யாரும் திருட்டுத்தனமாகத் தின்றதாகத் தெரியவில்லை. அடுத்த நாள் அவரிடம், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். கண்ணையும் ஒரு துண்டால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் என்ன விளையாட்டு இது என்று கேட்டிருப்பார்கள்.

"சரி மா" என்று துண்டைக் கட்டிக்கொண்டு அதே மூலையில் முதுகைக் காட்டி நின்றார். அசையவில்லை, இருமவில்லை. எலிகள் முன்போலவே ஒழுங்காகப் போய்வந்தன.

அப்படியானால் அவர் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமலே எலிகளைக் கெட்டிக்காரர்கள் ஆக்குகிறார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். பக்கத்தில் இரண்டு முதலாண்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி லைப்ரரி எங்கே என்று கேட்டாள். மற்றவள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ டிரம்முகிட்ட ஒரு அண்ணா நிக்கறாரு பாரு. அவருக்கு ரைட்ல ரெண்டாவது கட்டடம்."

டீயை அப்படியே வைத்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

அன்று செய்த சோதனை இதுதான். முதலில் அவர் பக்கத்தில் இருக்கும் நான்கு கைகளை மட்டும் திறந்துவைத்து, மற்ற நான்கையும் அட்டையால் அடைத்தேன். எலி அந்த நான்கிலும் இருந்த மல்லாட்டையைத் தின்றது. நடுப்பலகைக்கு அது வந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினேன். ஐந்து நிமிடம் வெளியே எதுவும் தெரியாது. பிறகு எட்டுக் கையையும் திறந்துவிட்டால், எலி தின்னாத நான்குக்குத்தான் போகவேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவரை எதிர் மூலைக்குப் போகச் சொன்னேன்.

அப்போதுதான் முதல் தடவையாக அவர் மறுத்தார். "எதுக்கு மா? நம்ம எடம் இதாச்சே."

"ஒரே ஒரு தடவ, அண்ணா. எனக்காக."

போனார். தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போல, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் டப்பாவைத் தூக்கிவிட்டுத் துணிக்குப் பின்னால் போனேன்.

எலி அவரைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. பிறகு அவருக்கு முதுகைக் காட்டிவிட்டு எதிர்ப் பக்கம் போனது. தான் தின்று காலி செய்திருந்த நான்கு கைக்கும் ஒவ்வொன்றாகப் போய் வெறும் குழியை முகர்ந்தது. அவர் பக்கத்தில் நான்கு குழியிலும் மல்லாட்டை அப்படியே இருந்தது. 'அவர் பக்கம் தின்றாயிற்று, எதிர்ப் பக்கம் பாக்கி' என்றுதான் அது மனதில் வைத்திருந்தது. அதன் ஞாபகத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆள்தான் இடம் மாறிவிட்டார்.

இன்னும் மூன்று எலிகளை விட்டுப் பார்த்தேன். மூன்றும் அதையே செய்தன. "அடப் பாவமே, என்னிய நம்பி ஏமாந்துட்டுதே" என்று அவர் கடைசி எலியைக் கையில் எடுத்து, குழியிலிருந்த துண்டுகளை ஊட்டிவிட்டார். அவர் எனக்கெதிரே ஒரு எலிக்குத் தீனி கொடுத்தது அந்த ஒரு தடவைதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலண்டரைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன், என்னையே ஒளித்துக்கொண்டேன். அந்த வெள்ளை அறையில் ஓர் ஆள் நிற்கிறார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து மாதம் அந்த ஓட்டை வழியாக எட்டுக் கைகளையும் எண்ணினேன். எலிகள் ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்தன. நான் பார்க்கவில்லை.

புகாரை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். மனது கேட்கவில்லை. கூண்டறையில் அவர் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். "உங்க மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதினேன் அண்ணா."

"தெரியும் மா. புதங்கிழமை காலைலயே மேடம் கூப்ட்டு கேட்டாங்க."

புதன்கிழமை. அவர் கண்ணில் துண்டு கட்டி நின்ற நாள். தெரிந்துதான் நின்றிருக்கிறார்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ இன்னாமோ பாத்துக்கினு இருந்த. பாத்து முடிக்கட்டும்னு இருந்தேன். நான் இன்னா ஓடியா போய்ட்டேன், அதே மூலைலதான நிக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு அது பெரிய பேஜாராகிவிட்டது. புட்டியைக் கீழே வைத்தார். "உடு மா. அது நேத்திக்கு. எலிங்களே நேத்து எந்தக் கைக்குப் போச்சுன்னு இன்னிக்கி வச்சிக்கினு இருக்கறதில்ல. வச்சிக்கினு இருந்தா எப்டி துண்ணும்? போய் வேலைய பாரு. எட்டு எலி இன்னும் பாக்கி இருக்குது."

அவர் இல்லாத ஆறு நாள் எண்களை நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தையும் எழுதினேன். மற்ற நாளெல்லாம் செல்லும் என்று மேடம் சொல்லிவிட்டார். ஐந்து மாதமும் அவர் ஓரடிகூட நகராமல் நின்றதால் தப்பித்தேன். வேறு யாராவது அந்த வேலையில் இருந்து, ஒருநாள் இங்கே ஒருநாள் அங்கே என்று நின்றிருந்தால் என் எலிகளும் நானும் சேர்ந்து தொலைந்திருப்போம். கீரைச் சாறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அது வேறு கதை.

ஆய்வேட்டில் அறையை வருணிக்கும் பக்கத்தை மறுபடி எழுதினேன். ஓர் ஆள் நின்றதைச் சேர்த்தேன். அவரிடம் படித்துக் காட்டி, "உங்க பேரு போடவாண்ணா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பேரு எதுக்கு மா. எந்த மூலைன்னு கரெக்டா போடு."

போட்டேன். அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை.

இப்போது நான் வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சோதனை அறையை வரைந்து காட்டு என்று மாணவர்களிடம் கேட்பேன். மேசை, விளக்கு, ஜன்னல் எல்லாம் வரைவார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மாவை வரைந்தாயா என்று கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

என் கல்யாணம் விழுப்புரத்தில்தான் நடந்தது. அவருக்குப் பத்திரிகை வைத்திருந்தேன். கருநீலம் இல்லாமல், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் குடும்பத்தோடு வந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி மத்தியானப் பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொரு வரிசையாகப் போய் எல்லாரையும் கும்பிட்டு விசாரிக்கவேண்டும். ஒரு வரிசை விட்டுப்போனாலும் போச்சு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். என் அதிர்ஷ்டம், அந்த மண்டபத்தில் சரியாக எட்டு வரிசை. மாப்பிள்ளையை யாரோ நண்பர்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட, நான் தனியாகச் சுற்றினேன். பட்டுப் புடவைக் கனம், காலையிலிருந்து பட்டினி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வாழை இலை. ஒரு வரிசையில் போய்க் கும்பிட்டால் என் சித்தி, "இப்பத்தான வந்துட்டுப் போன, மறுபடியும் இன்னாத்துக்குடி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நடுவில் நின்றுகொண்டு அப்படியும் இப்படியும் பார்த்தேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் அவர் கை ஊன்றி நின்றிருந்தார்.

"சாப்ட்டீங்களாண்ணா?"

"மொத பந்திலயே ஆச்சு. நீ இன்னா மா, போன வரிசைக்கே போற?" சிரித்தார். "என் பக்கம் நாலும் முடிஞ்சிது. அந்தாண்ட நாலுல ரெண்டு போயிட்ட. ஜன்னலோரம் ரெண்டு பாக்கி. உங்க மாமியார் வூட்டு ஆளுங்க அங்கதான் குந்திக்கினு உன்னியே பாத்துக்கினு இருக்காங்க. ஜல்தி போ."

"நீங்க இங்கயே இருங்க."

"நான் எங்க போறேன்?"

ஜன்னலோர வரிசைக்குப் போனேன். மாமியாரின் அக்கா என் கன்னத்தைத் தடவி, "எங்கள மறந்துட்டியோன்னு பாத்தேன்" என்றார். மறக்கவில்லை என்றேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். கூட்டம் எழுந்து கை கழுவப் போய்க்கொண்டிருந்தது, அவரை எல்லாரும் இடித்துக்கொண்டு போனார்கள். நான் எட்டாவது வரிசையையும் முடித்து வரும்வரை அவர் அந்தத் தூணை விட்டு நகரவில்லை.